தோட்டா படாமல் வெடிக்காது என்பது போதாது

அமெரிக்காவில் ரைஃபிள் சுடுகிறவர்களிடையே ஒரு கருத்து வேரோடிப் போயிருக்கிறது. வெடிக்கும் இலக்குகளில் ஆபத்து ஒன்றும் இல்லை, ஆபத்தெல்லாம் அவற்றை வைத்து விளையாடும் சில முட்டாள்களிடம்தான் என்பது அந்தக் கருத்து. ஆகவே சுடுதளங்கள் இவற்றுக்கென்று தனி விதி போடுவதும், வனத்துறை தடை விதிப்பதும் வீண் கெடுபிடி என்று முடிக்கிறார்கள். கடைக்காரர் இதைச் சொல்லித்தான் விற்கிறார். அனுபவசாலிகள் இதைச் சொல்லித்தான் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அவர்கள் தரப்பில் உள்ள நியாயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். 1996-ல் ஓரிகான் மாநிலத்தில் டேனியல் டானர் என்பவர் உருவாக்கி, 'டானரைட்' என்று தன் பெயரையே வைத்து விற்ற பொருள் இது. இன்று வேறு நிறுவனங்கள் விற்பதையும் மக்கள் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். இரண்டு தூள்கள் தனித்தனியாக வருகின்றன. ஒன்று அம்மோனியம் நைட்ரேட்டை முதன்மையாகக் கொண்டது, மற்றது அலுமினியத் தூள். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் வெடிபொருள் அல்ல. கலந்த பிறகும் சுத்தியலால் அடித்தால் வெடிக்காது, கீழே போட்டால் வெடிக்காது. அதிவேக ரைஃபிள் தோட்டா நேராகப் பாய்ந்தால்தான் வெடிக்கும். இதில் உண்மையான பயனும் இருக்கிறது. நெடுந்தொலைவில் காகித இலக்கில் விழுந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. வெண்புகையும் சத்தமும் எழுந்தால் குறி தப்பவில்லை என்று அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. மத்திய சட்டமும் இதை அனுமதிக்கிறது. பெரும்பாலான நாட்களில் யாருக்கும் ஒரு கீறலும் விழுவதில்லை.

இவ்வளவும் உண்மை. இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. இவற்றிலிருந்து அவர்கள் போய்ச் சேரும் முடிவைத்தான் மறுக்கிறேன். அதில் ஆறு பிழைகள் இருக்கின்றன.

1. எளிதில் வெடிக்காத பொருள் பாதுகாப்பான பொருளா?

இங்கே இரண்டு வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஒரு பொருள் எவ்வளவு எளிதில் வெடிக்கும் என்பது ஒரு கேள்வி. வெடித்தால் என்ன செய்யும் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்ததும் இரண்டாவதைக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள்.

டி.என்.டி.யை உருக்கிப் பீரங்கிக் குண்டுகளுக்குள் ஊற்றுவார்கள். அவ்வளவு சாதுவான பொருள் அது. கல்குவாரியில் பாறையைப் பிளக்கும் வெடிமருந்துகளில் பலவும் அப்படித்தான், டெட்டனேட்டர் இல்லாமல் அசையாது. அதற்காக அவற்றை விளையாட்டுப் பொருள் என்று யாரும் சொல்வதில்லை. எளிதில் தூண்டப்படாத தன்மை, தூளைக் கலக்கிறவரின் கையைக் காப்பாற்றுகிறது. வெடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவரைக் காப்பாற்ற அதனால் ஆவது எதுவும் இல்லை.

அந்தச் சாதுத்தன்மைகூட, தயாரிப்பாளர் கொடுத்ததை அவர் சொன்னபடியே கலந்தால் மட்டும் நிலைக்கும். கூடுதல் சத்தத்துக்காக வேறொரு தூளைச் சேர்த்த கணத்தில் டப்பாவின் மேல் எழுதியிருக்கும் உறுதி எதுவும் அந்தக் கலவைக்குப் பொருந்தாது. மேலும், சிறிய .22 தோட்டாவுக்கே வெடிக்கும் இலக்குகளும் சந்தையில் உண்டு. ஒரே மேசையில் இரண்டு வகையும் இருந்து, ஒன்றைப் பற்றித் தெரிந்ததை மற்றதற்கும் பொருத்திப் பார்க்கிறவர், தன் கையில் இருப்பது என்னவென்றே அறியாமல் நிற்கிறார்.

2. "அது வெறும் நீராவி, தீப்பிடிக்காது" என்கிறார்கள். எரிந்த காடுகளை என்ன சொல்வது?

மற்ற எல்லா வாதத்தையும்விட அதிகக் கேடு செய்திருப்பது இதுதான். எழும் வெண்மேகத்தில் பெரும்பகுதி நீராவி என்பது சரி. அம்மோனியம் நைட்ரேட் சிதைந்தால் நைட்ரஜனும் நீரும் ஆக்சிஜனும் வெளிவரும். ஆனால் அந்த ஆக்சிஜன் போகுமிடம் அலுமினியம். அலுமினியம் எரிவது ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தில். ஒவ்வொரு துகளும் முழுதாக எரிந்து அந்த இடத்திலேயே அணைந்துவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எரிந்துகொண்டே பறக்கும் ஒரு துகள் காய்ந்த புல்லில் விழுந்தால் போதும்.

2017 ஏப்ரல் 23 அன்று அரிசோனாவில், டூசானுக்குத் தெற்கே கிரீன் வேலி அருகே, பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் கொண்டாட்டத்துக்காக ஒருவர் டானரைட் நிரப்பிய இலக்கைச் சுட்டார். வறண்ட நாள், பலத்த காற்று. புல் பற்றியது. மாநில நிலத்தில் தொடங்கிய தீ கொரோனாடோ தேசிய வனத்துக்குள் பரவி, ஏறக்குறைய 47,000 ஏக்கரை எரித்த பிறகே அடங்கியது. 'சாமில் தீ' என்று பெயர் பெற்ற அந்தத் தீயை அணைக்க 80 லட்சம் டாலருக்கு மேல் செலவானது. அந்த வெடிப்பின் காணொளியை வனத்துறை பின்னர் வெளியிட்டது. வெடித்த மறுகணமே இலக்கைச் சுற்றியிருந்த புல் எரிவதை அதில் எவரும் பார்க்கலாம். வெறும் நீராவி என்று இன்னும் நம்புகிறவர்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கை நேர்மையாகப் பிரித்துவிட வேண்டும். 2020-ல் கலிஃபோர்னியாவின் யுகைபாவில் இதேபோன்ற கொண்டாட்டத்தில் மூண்டு, ஒரு தீயணைப்பு வீரரின் உயிரைப் பறித்த எல் டொராடோ தீக்குக் காரணம் புகை கக்கும் பட்டாசு, வெடி இலக்கு அல்ல. அதை இந்தப் பட்டியலில் சேர்க்கிறவர்களும் உண்டு, அது தவறு. சேர்க்கத் தேவையும் இல்லை. 2013-ல் வனத்துறை ராக்கி மலைப் பகுதியில் வெடி இலக்குகளைத் தடை செய்தபோது சொன்ன கணக்கே போதுமானது: 2012-லிருந்து மேற்கு மாநிலங்களில் குறைந்தது 16 காட்டுத்தீக்கள், அணைக்கும் செலவு 3 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல்.

இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தீ மூட்டியது இலக்காக இருக்காது, தோட்டாவாக இருக்கும் என்பார்கள். தோட்டாவும் தீ மூட்டும் என்பது மெய்தான். 2013-ல் வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் எஃகுத் தகட்டின் மீது விதவிதமான ரைஃபிள் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தார்கள். எஃகு கலந்த தோட்டாக்களும் முழுச் செம்புத் தோட்டாக்களும் காய்ந்த இயற்கைப் பொருளை அதிகம் பற்றவைத்தன. சிதறிய துண்டுகளின் வெப்பம் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும் என்று கண்டார்கள். இந்த உண்மை யார் பக்கம் பேசுகிறது? தோட்டா தனியாகவே தீ மூட்டக்கூடியது என்றால், அதே இடத்தில் எரியும் அலுமினியத்தையும் தூவுவதற்கு எதிரான காரணம் அல்லவா அது? இலக்கை எங்கே வைப்பது என்பதற்கான விதியும் இங்கிருந்தே பிறக்கிறது. புல் பூண்டு இல்லாமல் செதுக்கிய வெறும் மண்ணில் வைக்க வேண்டும். பக்கத்தில் எஃகுத் தகடோ பாறையோ இருக்கக் கூடாது. தண்ணீரும் மண்வெட்டியும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்று பலமாக வீசும் வறண்ட நாளில் வைக்கவே கூடாது.

3. எதற்குள் வைக்கிறோம் என்பதை ஏன் யாரும் பேசுவதில்லை?

பிளாஸ்டிக் டப்பாவில் உள்ள தூள் வெடித்தால் பெரும்பாலும் காற்றுதான் தள்ளப்படுகிறது. அதே தூளைப் பழைய குளிர்பதனப் பெட்டிக்குள்ளோ அடுப்புக்குள்ளோ வைத்தால் அந்த இரும்பு முழுவதும் எறிபொருளாகிவிடும். 2016-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒருவர் புல்வெட்டும் வண்டிக்குள் மூன்று பவுண்டு டானரைட்டை வைத்து அதைச் சுட்டார். பறந்து வந்த உலோகத் துண்டு அவர் காலை முழங்காலுக்குக் கீழே துண்டித்துவிட்டது. தூள் தன் இயல்புப்படி நடந்துகொண்டது. தோட்டா பட்டது, வெடித்தது. 'தோட்டா படாமல் வெடிக்காது' என்ற வாக்குறுதி அங்கே கொஞ்சமும் மீறப்படவில்லை. கால் மட்டும் போயிற்று.

உலோகத்துக்குள்ளோ உலோகத்துக்கு அருகிலோ வைக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். ஆனால் இந்தப் பொருளைப் பிரபலமாக்கிய காணொளிகளில் பார்ப்பதெல்லாம் கார், அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம். எச்சரிக்கை சிறிய எழுத்தில் இருக்கிறது, ஆசை பெரிய திரையில் ஓடுகிறது. இந்த நிலையில், எதற்குள்ளும் வைத்துச் சுட விடமாட்டோம், எங்கள் தளத்தில் டப்பாவோடுதான் வைக்க வேண்டும் என்று ஒரு சுடுதளம் சொன்னால், அதைக் கெடுபிடி என்று பேச யாருக்கும் வாய் வரக் கூடாது.

4. "இன்னும் கொஞ்சம் சேர்த்தால் என்ன?"

அளவு கூடக்கூட ஆபத்து, கண்மதிப்பில் பிடிபடாதபடி கூடுகிறது. ஒரு டப்பாவைச் சுட்டுப் பழகியவருக்குத் தூரம் பற்றிய உணர்வு அந்த ஒரு டப்பாவோடு உருவாகியிருக்கும். பத்து டப்பாவை ஒன்றாகக் கொட்டும்போதும் அவர் அதே இடத்தில் நின்றுதான் சுடுவார்.

2021 ஏப்ரலில் நியூ ஹாம்ப்ஷயரின் கிங்ஸ்டனில் ஒரு குடும்பம் கல்குவாரி ஒன்றில் 80 பவுண்டு, அதாவது 36 கிலோ, டானரைட்டை வெடித்தது. இதுவும் குழந்தை அறிவிப்புக் கொண்டாட்டம்தான். குவாரியில் செய்தால் ஆபத்தில்லை என்று எண்ணினார்கள். சுற்றுவட்டார வீடுகள் அதிர்ந்தன. நிலநடுக்கமோ என்று மக்கள் திகைத்தார்கள். வீட்டு அடித்தளத்தில் விரிசல் என்று புகார்கள் வந்தன. அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அளவை நிறுத்தும் கை ஒன்று அங்கே இல்லை, அவ்வளவுதான்.

சுடுதளத்தில் அந்தக் கை இருக்கிறது, இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு டப்பா, தயாரிப்பாளர் விற்கும் சிறிய அளவு, அதற்கு அவர் குறித்த தூரத்துக்குக் குறையாத இடைவெளி. இதைச் சுடுகிறவரின் விருப்பத்துக்கு விடக் கூடாது. அவருக்குப் பக்கத்து வரிசையில் நிற்கிறவர் அந்த விருப்பத்தில் பங்கெடுக்கவில்லை. அவர் காதும் அங்கேதான் இருக்கிறது. 140 டெசிபலைத் தாண்டும் திடீர் ஓசை ஒருமுறை கேட்டாலே செவிக்கு நிலையான கேடு வரலாம். ரைஃபிள் சத்தமே அந்த அளவைத் தாண்டுகிறது. எனவே, முதல் டப்பாவை வைப்பதற்கு முன் வரிசை முழுவதும் அறிவித்து, எல்லோரும் காதுக்கவசம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே சுட வேண்டும்.

5. சட்டம் அனுமதிக்கிறது என்கிறவர்கள் சட்டத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

தூள்களைத் தனித்தனியாக வாங்கலாம், சொந்தப் பயனுக்குக் கலக்கலாம், அதற்கு மத்திய உரிமம் வேண்டியதில்லை. எல்லோருக்கும் மனப்பாடமான பாதி இது. மறுபாதி இப்படி: கலந்த கணத்திலிருந்து அது சட்டப்படி வெடிபொருள். அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு சாலையில் போக உரிமமோ அனுமதியோ வேண்டும். வைத்திருந்தால் வெடிபொருள் கிடங்குக்கான விதிகள் பொருந்தும். வெடிபொருள் வைத்திருக்கச் சட்டம் தடுத்திருக்கும் நபர்கள் அதைக் கையில் வைத்திருக்கவே கூடாது. வியாபாரத்துக்காகக் கலந்தால் உற்பத்தி உரிமம் தேவை. மாநிலங்களில் நிலைமை இன்னும் கடுமை. கலிஃபோர்னியாவும் மேரிலாந்தும் மத்திய சட்டத்தைப் போல எளிதாக விடுவதில்லை.

இந்த மறுபாதியைச் சுடுதளத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டிலேயே கலந்து, டிக்கியில் போட்டுக்கொண்டு வருகிறவர் வாசலுக்கு வரும்போதே சட்டத்தை மீறியிருக்கிறார். மீந்த கலவையை வீட்டுக்கு எடுத்துப் போகிறவரும் அப்படியே. வாடிக்கையாளருக்கு உதவுகிறோம் என்று ஊழியரே கலந்து கொடுக்கும் தளம் தன் உரிமையாளரைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது. ஆகவே தளத்திலேயே, சுடுவதற்குச் சற்று முன்பு, சுடுகிறவரே கலக்க வேண்டும். கலந்ததை அன்றே அங்கேயே சுட்டுத் தீர்க்க வேண்டும். தளங்கள் தங்கள் விருப்பத்துக்கு இயற்றிய விதி அல்ல இது. சட்டம் முழுவதையும் படித்த எவரும் தாமே வந்து சேரும் இடம்.

6. "முட்டாள்கள் மட்டுமே விபத்து செய்கிறார்கள்."

இதுதான் அந்தக் கருத்தின் முதுகெலும்பு. மற்ற ஐந்தும் உடைந்தாலும் இதைச் சொல்லித் தப்பிவிடுவார்கள். நான் பொறுப்புள்ளவன், எனக்கு விதி எதற்கு என்று கேட்பார்கள்.

அரிசோனாவுக்குத் திரும்புவோம். அன்று அந்த இலக்கைச் சுட்டவர் அமெரிக்க எல்லைக் காவல் படையைச் சேர்ந்த அதிகாரி. பணியில் இல்லாத நேரம் அது. ஆனால் துப்பாக்கியில் முறையான பயிற்சி பெற்றவர், சட்டத்தைக் காப்பதே தொழிலாகக் கொண்டவர். தீ பற்றியதும் அவர் ஓடி ஒளியவில்லை. உடனே அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார், தானே காரணம் என்று ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்திலும் குற்றத்தை ஏற்றார். அவரை முட்டாள் என்றோ பொறுப்பற்றவர் என்றோ சொல்லிவிட்டு நகர்வது எளிது. சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவருடைய பயிற்சி உண்டு? எத்தனை பேர் அவரைப்போல அந்த நொடியே உண்மையை ஒப்புக்கொள்வார்கள்?

அவரிடம் இல்லாதது நல்ல மனமோ துப்பாக்கித் தேர்ச்சியோ அல்ல. அந்த நாளில், அந்தக் காற்றில், அந்தப் புல்லில் வேண்டாம் என்று சொல்லும் இரண்டாவது ஆள் ஒருவர் அங்கே இல்லை. கொண்டாட்டத்துக்குக் கூடியிருப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆசையோடு ரைஃபிளைத் தோளில் வைத்திருப்பவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது அதைவிடக் கடினம். சுடுதளப் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவி இருப்பதே இதற்காகத்தான். அவர் அந்த ஆசையில் பங்கில்லாதவர். வரிசை முழுவதையும் ஒரே சொல்லில் நிறுத்தும் அதிகாரம் உள்ளவர். பொறுப்புள்ளவனுக்கு விதி எதற்கு என்ற கேள்விக்கு அரிசோனாவின் 47,000 ஏக்கர் பதில் சொல்லியிருக்கிறது.

விளைவை யார் சுமந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 2,20,000 டாலர் இழப்பீடும் விதித்தது. அதில் ஒரு லட்சம் முதலிலேயே, மீதி மாதம் 500 டாலராக. அந்த மாதத் தவணை முடிய இருபது ஆண்டாகும். ஒரு தனிமனிதனுக்கு அது பெரும் பாரம். ஆனாலும் மொத்தச் செலவில் முப்பதில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை. மீதியைக் கொடுத்தது பொதுப்பணம். என் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று பேசுகிறவர்கள், தங்களால் ஏற்க முடியாத பொறுப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, தளத்தில் மட்டுமே சரியாகக் கையாளக்கூடியது: வெடிக்காமல் போன இலக்கு. தோட்டா ஓரத்தில் பட்டாலோ, தூரத்தில் வேகம் குறைந்து வந்தாலோ, தூள் ஈரம் குடித்திருந்தாலோ டப்பா உடைந்து தூள் மட்டும் சிதறும், அல்லது பாதி வெடித்துப் பாதி தங்கும். என்ன ஆயிற்று என்று பார்க்க நடந்து போவதுதான் மனித இயல்பு. வேறு வரிசையில் ஒருவர் அதே நேரத்தில் சுட்டுக்கொண்டிருந்தால்? கிடக்கும் கலவை இன்னும் வெடிபொருளே. சுடும் கோட்டிலிருந்தே அதை மீண்டும் சுட்டுத் தீர்க்க வேண்டும். முடியாவிட்டால் அலுவலர் எல்லாத் துப்பாக்கிகளையும் நிறுத்தி, அவற்றின் தோட்டா அறைகள் காலியாக இருப்பதைச் சரிபார்த்து, போகலாம் என்று சொன்ன பிறகே ஒருவர் முன்னால் போக வேண்டும். அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. திறந்த வெளியில் நான்கு நண்பர்கள் மட்டும் இருக்கும்போது இந்த ஒழுங்கை யார் நடத்துவார்கள்?

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் எல்லாச் சுடுதளங்களிலும் தடை செய்துவிடலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் உடன்பட மாட்டேன். வேலி, மண் அணை, செதுக்கிய நிலம், தண்ணீர், அலுவலர் என எல்லாம் இருக்கும் இடத்தில் கதவை அடைத்தால், விற்பனை நிற்காதவரை, டப்பாக்கள் இவை எதுவுமே இல்லாத காய்ந்த மேய்ச்சல் நிலத்துக்கோ கல்குவாரிக்கோதான் போகும். அரிசோனாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் நடந்தது அதுதான். மேற்கு மாநிலங்களில் வனத்துறையும் நில மேலாண்மைத் துறையும் பொது நிலங்களில் வெடி இலக்குகளுக்கு அடுத்தடுத்துத் தடை போட்டதற்கும் காரணம் இப்படி மூண்ட தீக்களே. ஆபத்து ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள்தான் அந்தத் தடைகளைத் தங்கள் கையால் வரவழைத்தார்கள்.

ஒவ்வொரு திறந்தவெளித் தளமும் ஒரே ஒரு வரிசையை இதற்கென ஒதுக்கட்டும். அந்த வரிசைக்கு முன்னால் புல் முளைக்க விடாமல் செதுக்கி வைக்கட்டும். வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், அலுவலர் ஒருவர் அங்கேயே நிற்க, ஒருவர் பின் ஒருவராக, ஒரு டப்பா மட்டும். வானிலை நிலையம் காட்டுத்தீ எச்சரிக்கை விடுக்கும் நாளில் அந்த வரிசை மூடியிருக்கட்டும், நூறு மைல் வண்டி ஓட்டி வந்தவர் வாசலில் நின்று எவ்வளவு கேட்டாலும்.